பழசாக இருக்கட்டும்

பவுலின் அன்று காலை முழுவதும் உட்காரவில்லை. தேயிலைத் தோட்டத்தைப் பார்க்க வருகிறவர்களுக்காக மலைச்சரிவில் கட்டியிருந்த தேநீர்க் கடையில் அவளுக்கு பில் போடும் வேலை. வயிற்றுப் பிள்ளைக்காரி என்று அவளுக்காகவே முதுகு சாய்கிற நாற்காலி ஒன்றை மேசைக்குப் பின்னால் போட்டிருந்தார்கள். அவள் அதன் பக்கமே திரும்பாமல் ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு உடம்பை மாற்றி மாற்றி நின்றாள். கண்ணாடிக்கு வெளியே பள்ளத்தாக்கு முழுக்கப் பச்சை. கோலாலம்பூரிலிருந்து வந்திருந்த ஒரு கூட்டம் அந்தப் பச்சைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தங்களைத் தாங்களே படம் எடுத்துக்கொண்டிருந்தது.

"ஒக்காருங்கலா அக்கா, காலு வீங்கிடும்" என்றாள் கேக் அடுக்கிக்கொண்டிருந்த அன்பரசி.

"ஒக்காந்தாதான் இடுப்பு புடிக்குது" என்றாள் பவுலின்.

இடுப்பு இல்லை. சிறுநீர் கழிக்கப் போனால் மிளகாய் பட்டதுபோல் எரிந்தது. முதலில் உடம்புச் சூடு என்றுதான் நினைத்தாள். பார்லித் தண்ணீர் குடித்தாள், எண்ணெய் தேய்த்துக் குளித்தாள். மாதம் நெருங்க நெருங்க உடம்பு என்னென்னவோ செய்யும் என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள். ஆனால் இன்று காலை கையில் தட்டுப்பட்டது சூடு இல்லை. சின்னச் சின்னக் கொப்புளங்கள், கூட்டமாக. கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள், மறுபடியும் கழுவினாள். கடைக்கு வந்த பிறகும் கையை மோந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். மத்தியானம் ஆனதும் மேனேஜரிடம் சொல்லிவிட்டு ரிங்லெட்டுக்கு இறங்கி கிளினிக்குக்குப் போனாள்.

மிஸ்ஸி ஷஃபிகா அங்கே நர்ஸ், பிரிஞ்சாங் ஊர்க்காரி. மூன்றாம் மாதத்திலிருந்து பவுலினைப் பார்த்து வருகிறவள். வாய் ஓயாமல் பேசுவாள். திரையை இழுத்துவிட்டு, தன் மகள் பள்ளிக்கூடத்தில் செய்த குறும்பு ஒன்றைச் சொல்லிக்கொண்டே குனிந்தவள், பாதியில் நிறுத்திவிட்டாள். அந்த மௌனத்தில்தான் பவுலினுக்கு முதன்முதலாக உண்மையான பயம் வந்தது. டாக்டரம்மா வந்தார், பார்த்தார், மலாயில் மெதுவாகக் கேட்டார். இதற்கு முன் இப்படி வந்திருக்கிறதா? இல்லை. வீட்டுக்காரருக்கு? தெரியாது. அவர் ஒரு பெயரைச் சொன்னார். ஹெர்பீஸ். பவுலின் அந்த வார்த்தையை எங்கேயோ கேட்டிருந்தாள், எங்கே என்று அப்போது நினைவுக்கு வரவில்லை.

புண்ணிலிருந்து பஞ்சால் எடுத்தார்கள், கையில் ரத்தம் எடுத்தார்கள். டாக்டரம்மா போன பிறகு ஷஃபிகா குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "இது இப்பதான் புதுசா வந்ததுன்னா புள்ளைக்கு ஆபத்து ஜாஸ்தி பவுலின். உங்க ரத்தத்துல இன்னும் எதிர்ப்பு ஊறியிருக்காது, புள்ளைக்கும் போயிருக்காது. பொறக்கறப்ப ஒட்டிக்கிட்டா மூளை வரைக்கும் போவும். அதனால ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில ஆபரேஷன் பண்ணி எடுத்துருவாங்க. பழசா இருந்தா அவ்ளோ பயமில்ல. ரத்தத்துல தெரிஞ்சுடும், கொஞ்ச நாள் ஆவும். மாத்திரைய மட்டும் நேரத்துக்குப் போடுங்க."

"இது எப்படி மிஸ்ஸி வரும்?"

ஷஃபிகா அவள் சட்டையின் கழுத்தைச் சரிசெய்துவிட்டாள். "உங்களுக்குத் தெரியாததா. அவரையும் ஒரு தடவ வரச் சொல்லுங்க."

டொனால்ட் கியா பார்மிலிருந்து கோலாலம்பூர் மொத்தச் சந்தைக்குக் காய்கறி ஏற்றிப் போகிற லோரி ஓட்டுபவன். சாயங்காலம் கிளம்பினால் மறுநாள் மத்தியானம் வீடு. பவுலினுக்கு அவன் இரண்டாவது கணவன். முதல் கணவன் எட்ரியன் தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்தவன், எலிக்காய்ச்சல் வந்து ஒரே வாரத்தில் போய்விட்டான். டொனால்ட் அவனுடைய கூட்டாளி. சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் இருந்தவன் சாவுக்கு வந்து, சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்து, அப்புறம் திரும்பிப் போகவே இல்லை. சில வருஷங்கள் கழித்து அவன் பெண் கேட்டு வந்தபோது தோட்டத்து லயத்தில் யாரும் ஆச்சரியப்படவில்லை. பவுலின்தான் ஆச்சரியப்பட்டாள், தன் மனம் உடனே சரி என்று சொன்னதற்காக. எட்ரியனோடு பிள்ளை தங்கவில்லை. டொனால்டோடும் நாலு வருஷம் காத்திருந்து வந்த பிள்ளை இது.

அவன் வந்து கோஸ் வாசம் வீசும் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தபோதே கேட்டுவிட்டாள்.

"யாருகிட்ட போனீங்க?"

"எங்க போனேன்?"

அவள் சொன்னாள். மிஸ்ஸி சொன்னது, டாக்டரம்மா சொன்ன பெயர், பிள்ளையின் மூளை, எல்லாவற்றையும் ஒரே மூச்சில். அவனுக்குப் புரிவதற்கு நேரம் எடுத்தது. புரிந்ததும் முதலில் சிரித்துவிட்டான். என்ன செய்வதென்று தெரியாமல் வந்த சிரிப்புத்தான். ஆனால் பவுலினுக்கு அந்தச் சிரிப்பே போதுமான சாட்சியாக இருந்தது.

"பவுலின், நான் யாருகிட்டயும் போவல."

"லோரி ஓட்டுறவங்க எல்லாரும் சொல்றதுதான்."

"எல்லாரையும் ஏன் இழுக்கற? என்னையப் பாத்துச் சொல்லு."

அவள் பார்க்கவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "புள்ளைக்கு மட்டும் ஏதாவது ஆச்சுன்னா..."

"சத்தியம் பண்ணவா?"

"வேணாம். வெளிய போங்க."

கழற்றிய சட்டையையே மறுபடி மாட்டிக்கொண்டான். கதவுக்குப் பின்னால் தொங்கிய குளிர்ச் சட்டையை எடுத்தான். லோரி ஒவ்வொரு வளைவிலும் முனகி இறங்குவதும் பின்பு எதிர் மலையில் ஏறுவதும் கேட்டுக்கொண்டே இருந்தது. அவன் கியா பார்மில் முதலாளியின் கொட்டகையில் படுத்துக்கொள்கிறான் என்று பிறகு தெரிந்தது. தினமும் போனில் ஒரே ஒரு கேள்வி அனுப்பினான். 'புள்ள அசையுதா?' அவள் 'ம்' என்று மட்டும் பதில் போட்டாள்.

அந்த நாட்களில் பவுலினால் ஓர் இடத்தில் இருக்க முடியவில்லை. விடுப்பு எடுத்துவிட்டாள். வீட்டிலிருந்தால் சுவர் நெருக்கியது. துணிகளை அலமாரியிலிருந்து எடுத்து மடித்து அடுக்கி, மறுபடி கலைத்து அடுக்கினாள். தேயிலைச் செடிகளுக்கு நடுவே செம்மண் பாதையில் ஏறி, மூச்சு வாங்கியதும் இறங்கி, வாசலுக்கு வந்ததும் மறுபடி ஏறினாள். இலை வெட்டும் வங்காளதேசத்து ஆட்கள் இயந்திரத்தை நிறுத்திவிட்டு இந்த வயிற்றோடு எங்கே போகிறாள் என்று பார்த்தார்கள். உள்ளே பிள்ளை புரண்டது. புரளும்போதெல்லாம், நீ வெளியே வரும் வாசலில் ஏதோ காத்திருக்கிறது, இந்தப் பக்கம் வந்துவிடாதே என்று அதற்குச் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

அப்படி ஏறிக்கொண்டிருந்தபோதுதான் அந்த வார்த்தையை எங்கே கேட்டோம் என்று நினைவு வந்தது. கிளாரிசா. டொனால்டின் தங்கை, கோலாலம்பூரில் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறவள். போன கிறிஸ்துமஸுக்கு வந்தபோது யாரோ என்ன படிக்கிறாய் என்று கேட்க, அவள் அந்தப் பெயரைச் சொன்னதும் மாமியார் வீட்டில் இருந்த பெரியவர்கள் இருமிக்கொண்டு பேச்சை மாற்றியிருந்தார்கள். புருஷனின் தங்கையிடம் இதைப் போய் எப்படிக் கேட்பது? வீட்டைச் சுற்றி இன்னும் ஒரு தடவை நடந்தாள். பிறகு நின்றுகொண்டே போன் செய்தாள். கிளாரிசா முழுவதையும் கேட்டாள், குறுக்கே பேசவில்லை. "சனிக்கிழமை மேல வரேன் அண்ணி" என்றாள்.

வந்தவள் வீட்டுக்குள் உட்காரப் பார்த்தாள். பவுலின் விடவில்லை. "நடந்துகிட்டே பேசலாம். உக்காந்தா எனக்கு பைத்தியம் புடிக்குது." மழை விட்டிருந்தது. பள்ளத்திலிருந்து பனி ஏறி வந்து செடி வரிசைகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தது. கிளாரிசா ஒல்லியானவள், பேசும்போது கையைக் கையால் பிடித்துக்கொள்கிறவள்.

"நாலு வருஷமா இந்த வைரஸைத்தான் பாத்துகிட்டு இருக்கேன் அண்ணி. கண்ணாடித் தட்டுல வளர்ற செல்லுலதான் பாத்திருக்கேன். வந்த ஆளுகிட்ட பேசினதில்ல. தப்பாச் சொன்னா மன்னிச்சுடுங்க."

"நீ சொல்லு. எனக்குப் புரியற மாதிரி சொல்லு."

"நம்ம ஒடம்புல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் ஜீன் இருக்குல்ல. எது வேல செய்யணும், எது சும்மா இருக்கணும்னு அதுக்கு ஒரு ஒழுங்கு இருக்கு. இது உள்ள பூந்ததும் மொதல்ல அந்த ஒழுங்கத்தான் கெடுக்கும். செல்லோட சொந்த ஜீனை நிறுத்திட்டு தன்னோட ஜீனைப் படிக்க வெக்கும். செல்லு தன் வேலைய விட்டுட்டு வைரஸையே செஞ்சு செஞ்சு கடைசில செத்துப்போவும். உங்களுக்கு இருக்கற புண்ணு அதுதான்."

"அப்புறம் ஆறிடும்னாங்களே."

"தோலு ஆறிடும். ஆனா அது நரம்பு வழியா ஏறி முதுகுத்தண்டுகிட்ட போய் ஒக்காந்துக்கும். அங்க நடக்கறது தலகீழ். நரம்பு செல்லு விட்டுக் குடுக்காது. வைரஸோட ஜீன் மேல தன்னோட புரதத்தையே சுத்திக் கட்டி வாயை அடைச்சிடும். ஒரு சின்னப் பகுதி மட்டும் அடையாம முணுமுணுத்துகிட்டே இருக்கும். அதுவும் என்ன பண்ணுதுன்னா, அந்தச் செல்லு சாகாம பாத்துக்குது. தான் குடியிருக்கற எடமாச்சே. அப்படியே வருஷக்கணக்கா இருக்கும். சில பேருக்கு வந்ததே தெரியாது. காய்ச்சல், கர்ப்பம், மனக்கஷ்டம்னு ஏதாவது வந்து ஒடம்பு அசந்தா கட்டு அவுந்துடும், திரும்ப எறங்கி வரும்."

பவுலின் நின்றுவிட்டாள். "வருஷக்கணக்குன்னா?"

"பத்து வருஷமும் இருக்கலாம். அதுக்கு மேலயும் இருக்கலாம்."

"எப்ப வந்ததுன்னு பாத்துச் சொல்ல முடியாதா? நீதான் இதையே படிக்கறியே."

"முடியாது அண்ணி. ரத்தத்துல எதிர்ப்பு இருந்தா பல வாரத்துக்கு முந்தி வந்துருக்குன்னு சொல்லலாம். அதுக்குப் பின்னால எவ்வளவு தூரம்னு யாராலயும் சொல்ல முடியாது. யாருகிட்டேர்ந்துன்னும் சொல்ல முடியாது."

பவுலின் அவளை உற்றுப் பார்த்தாள். "உங்கண்ணனக் காப்பாத்தத்தான் இதச் சொல்றியா?"

கிளாரிசாவின் முகம் சிவந்தது. பனியின் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அண்ணன் என்ன செஞ்சாரு, செய்யலன்னு எனக்கும் தெரியாது. வைரஸ்தான் எனக்குத் தெரியும். அது இப்படித்தான்."

இருவரும் மறுபடி நடந்தார்கள். பாதை வழுக்கிய இடத்தில் கிளாரிசா அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். பவுலின் உதறவில்லை.

"நான் என்னான்னு ஜெபம் பண்ணட்டும்?" என்று கேட்டாள்.

"பழசா இருக்கணும்னு பண்ணுங்க. பழசுன்னா உங்க எதிர்ப்பு சக்தி ஏற்கெனவே புள்ளைக்குப் போயிருக்கும். அதுதான் வேலி."

கிளாரிசா பஸ் ஏறிப் போன பிறகுதான் பவுலினுக்கு அந்த ஜெபத்தின் மறுபக்கம் உறைத்தது. புதுசு என்றால் டொனால்ட் துரோகி, பிள்ளைக்கு ஆபத்து. பழசு என்றால் பிள்ளைக்கு ஆபத்தில்லை. ஆனால் அவள் ஓர் ஆளை வீணாக வெளியே தள்ளியிருக்கலாம். அப்புறம், பழசு என்றால் எவ்வளவு பழசு? டொனால்டின் சிங்கப்பூர் நாட்களா? இல்லை அதற்கும் முன்னாலா? எட்ரியன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எல்லோரும் முழங்காலில் இருந்தபோது அவள் கடைசி வரிசையில் சுவரில் சாய்ந்து நின்றாள். பழசாக இருக்கட்டும் ஆண்டவரே. சொல்லும்போதே எட்ரியனின் முகம் வந்தது. அவனோடு கல்யாணமான முதல் வருஷம் ஒரு காய்ச்சல் வந்ததே. தொடை இடுக்கில் நெறி கட்டி, எரிச்சலில் நடக்க முடியாமல் படுத்திருந்தாளே. எட்ரியன் மலையிறங்கித் தாப்பா டவுன் வரை மோட்டார் சைக்கிளில் போய் இளநீர் வாங்கி வந்து, தானே சீவி, தானே டம்ளரில் ஊற்றிக் கொடுத்தான். சூடு என்றுதான் இருவரும் பேசிக்கொண்டார்கள். இத்தனை நாளும் அவனைப் பற்றி நினைக்கும்போது அவள் முதலில் நினைப்பது அந்த இளநீரைத்தான். இப்போது அதையும் தொட முடியவில்லை. அவனுக்குத் தெரிந்திருக்குமா? தெரிந்துதான் அவ்வளவு தூரம் போனானா? இல்லை, அப்படி ஒரு காய்ச்சல் வந்ததா, அல்லது பிள்ளைக்காக அவள் இப்போது உண்டாக்கிக்கொள்கிறாளா? எரிச்சல் இருந்தது நிஜமா? நினைத்துப் பார்க்கப் பார்க்க அந்த நினைவு தெளிவாகிக்கொண்டே வந்தது. அது தெளிவாக ஆக, அவளுக்கு அதன்மேல் நம்பிக்கை குறைந்துகொண்டே போனது. பாட்டு முடிவதற்கு முன்பே வெளியே போய்ப் படிக்கட்டில் ஏறி இறங்கினாள்.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் ஷஃபிகாவே போனில் கூப்பிட்டாள். பவுலின் அப்போது துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"பழசு பவுலின். எதிர்ப்பு நல்லா இருக்கு. அல்ஹம்துலில்லாஹ், பயப்படாதீங்க. மாத்திரைய விடாம போடுங்க. வலி வர்ற நேரத்துல புண்ணு இல்லன்னா சாதாரணமாவே பெத்துக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டாங்க. ஈப்போவுக்கும் சொல்லி வெச்சிருக்கோம்."

பவுலின் போனை வைத்தாள். ஈரத் துணியை முகத்தில் அழுத்திக்கொண்டு அழுதாள். பிறகு, யோசித்தால் கூப்பிட மாட்டோம் என்று தெரிந்ததால், யோசிக்காமல் டொனால்டுக்குப் போன் செய்தாள். "வாங்க" என்று மட்டும் சொன்னாள்.

அவன் லோரியைப் பாதையிலேயே விட்டுவிட்டு நடந்து ஏறி வந்தான். தாடி வளர்ந்திருந்தது. வாசலில் நின்றான், உள்ளே வரலாமா என்று கேட்பதுபோல். அவள் விலகி வழிவிட்டாள். சொன்னாள். அவன் முதலில் பிள்ளையைப் பற்றித்தான் கேட்டான், இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டான். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டான்.

"அப்ப நான் இல்லல்ல?"

"அப்படியும் சொல்லல. பழசுன்னு மட்டுந்தான் சொன்னாங்க. எவ்வளவு பழசுன்னு தெரியாதாம்."

"நானும் ரத்தம் குடுக்கறேன்."

"குடுத்து? ஒங்களுக்கும் இருந்தா யாரு யாருக்குக் குடுத்ததுன்னு அது சொல்லுமா? கிளாரிசாகிட்ட கேட்டுட்டேன். சொல்லாது."

"அவகிட்டயா கேட்ட?"

"வேற யாருகிட்ட கேப்பேன்?"

அடுப்பில் வைத்த தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அவள் அதை அணைக்கப் போகவில்லை. அவன் தலையைத் தூக்காமலே கேட்டான். "எட்ரியனா?"

அவள் அந்தக் காய்ச்சலைச் சொல்லிவிட நினைத்தாள். இளநீரைச் சொல்லிவிட நினைத்தாள். சொன்னால் இந்த ஆள் இன்று நிம்மதியாகத் தூங்குவான். ஆனால் எட்ரியன் பதில் சொல்ல எழுந்து வர மாட்டான். அவள் வாயைத் திறந்தாள்.

டொனால்ட் கையை நீட்டி அவளைத் தடுப்பதுபோல் செய்தான். "வேணாம். சொல்லாத. யாராவது ஒருத்தன்னு இருந்தாத்தான் ஒனக்கு மனசு ஆறும்னா, நானாவே இருந்துட்டுப் போறேன். சிங்கப்பூர்ல நானும் யோக்கியனா இருந்தேன்னு சொல்ல மாட்டேன். அது ஒன்னையக் கட்டறதுக்கு முன்னாடி. கட்டுனப்புறம் இல்ல. நம்பினா நம்பு, நம்பாட்டி போ. அவன மட்டும் இழுக்காத பவுலின். அவன நான் தூக்கிட்டுப் போயிருக்கேன்."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். இது தியாகமா, ஒப்புதலா? கூட்டாளிக்காகத் தன் தலையில் போட்டுக்கொள்கிறானா, அல்லது கூட்டாளியின் பெயரைச் சொல்லி ஒரு பாதியை மட்டும் ஒத்துக்கொண்டு மறுபாதியை மூடுகிறானா? அந்த முகத்தில் அவளால் எதையும் படிக்க முடியவில்லை. களைப்பு இருந்தது. கன்னத்தில் சேறு இருந்தது. அவள் போய் அடுப்பை அணைத்தாள். இரண்டு கோப்பை எடுத்தாள். அன்றைக்கு அவன் வீட்டில் தங்கினான். அவள் நடு அறையில் மெத்தை போட்டுக் கொடுத்தாள், அவன் அதில் படுத்துக்கொண்டான்.

வலி ஒரு விடியற்காலையில் வந்தது. முதலாளியின் காரை இரவல் வாங்கி டொனால்ட் ஓட்டினான். பனியில் பத்தடிக்கு மேல் பாதை தெரியவில்லை. கியா பார்ம் தாண்டி ஈப்போ பக்கம் இறங்கும்போது அவள் ஒவ்வொரு வலிக்கும் அவன் தோளைப் பிடித்தாள், வலி விட்டதும் கையை எடுத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் வெளிச்சம் வைத்துத் தேடிப் பார்த்தார்கள். புண் இல்லை, சுத்தமாக ஆறியிருந்தது. மத்தியானத்துக்குள் பெண் பிள்ளை பிறந்தது. அழுத்தமான குரல். பிள்ளை டாக்டர் வந்து தோலை, கண்ணை, வாயை எல்லாம் பார்த்தார். நன்றாக இருக்கிறது, ஆனாலும் சில நாள் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும், காய்ச்சல் வந்தாலோ பால் குடிக்காவிட்டாலோ உடனே சொல்ல வேண்டும் என்றார். பவுலின் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். சூடா, இல்லை தன் கைதான் சில்லென்றிருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் சந்தேகம் வந்தது.

டொனால்டை உள்ளே விட்டார்கள். குளித்திருந்தான், எங்கே குளித்தானோ, தலைமுடி ஈரமாக இருந்தது. பிள்ளையை அவன் கையில் வைத்தாள். அவன் குனிந்து முகத்தை அருகில் கொண்டுபோனான். பிள்ளையின் நெற்றிக்குக் கொஞ்சம் மேலே அவன் உதடு நின்றது. நிமிர்ந்து பவுலினைப் பார்த்தான். கேட்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. நெற்றி முத்தத்துக்கும் அந்தப் புண்ணுக்கும் சம்பந்தமில்லை என்பதும் தெரியும், கிளாரிசா சொல்லியிருந்தாள். சரி என்று தலையசைக்க ஒரு நொடி போதும். அவள் கழுத்து அசையவில்லை.

அவன் காத்திருந்தான். பிறகு புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, துணியைக் கொஞ்சம் விலக்கி, பிள்ளையின் ஒரு காலை மட்டும் வெளியே எடுத்தான். அதன் உள்ளங்காலைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினான். பிள்ளைக்குத் தாடி குத்தியிருக்க வேண்டும். அந்தச் சிவந்த கால் அவன் கன்னத்தை உதைத்தது. விரல்கள் விரிந்து சுருங்கின, கால் மறுபடியும் உதைத்தது. அவன் முகத்தை எடுக்கவில்லை.